நிறுத்தத் தெரியாத காற்றாடி

(புத்தூரில் ஒரு வாசிகசாலையின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரு சாண் நீளமான இரும்புக் கம்பி. துருவேறி, அதைச் சுற்றியிருந்த குழாயோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. மற்றது, கரிக்கட்டை போலத் தெரியும் ஒரு வட்டத் தகடு. உடைத்தால் உள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். இரண்டும் ஒரே காற்றாடியிலிருந்து கழற்றியவை. முதலாவது இறுகியதால்தான் இரண்டாவது எரிந்தது. கூட்டம் முடிந்ததும் கிட்ட வந்து கையில் எடுத்துப் பாருங்கள்.

புத்தூராருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தியில் நின்றால் அது அவ்வளவாகத் தெரியாது. பனையும் வேலியும் மறைத்துவிடும். மீசாலை வீதியால் கிழக்கே போய், வாதரவத்தை வெளி தாண்டி, வண்ணாத்திப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். வைகாசியில் பிடிக்கும் சோளகம் புரட்டாதி வரை விடாது. பிறகு ஐப்பசியில் ஓய்வு. அதன்பின் மழையோடு வாடை. இந்தக் காற்றை நம்பித்தான் 2014 இறுதியில் பச்சிலைப்பள்ளியில் தலா 10 மெகாவாற்று அளவில் இரண்டு காற்றாலைத் தொகுதிகள் எழுந்தன. மன்னாரில் 30 கோபுரங்களோடு 103.5 மெகாவாற்றுக் காற்றாலை நிற்கிறது. அவற்றுக்குப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், உதிரிப்பாகம் இருக்கிறது, பாரந்தூக்கி இருக்கிறது. நான் பேச வந்தது அவற்றைப் பற்றியல்ல. பழைய கார்ச் சில்லின் ஹப்பும், தச்சர் சீவித் தந்த இறக்கையும், இரும்புக் கடையில் வாங்கிய குழாயுமாக நாமே செய்து நிறுத்தும் காற்றாடியைப் பற்றி. அவை ஏன் உடைகின்றன என்பதைப் பற்றி.

முதலில் நான் உடைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியதோடு எங்களுக்கு மின்சாரம் நின்றது. அந்தக் காலத்தை வாழ்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, ஜாம்போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அதில் ஊறிய எண்ணெயில் திரி எரித்துப் படித்தார்கள் பிள்ளைகள். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். மிதிப்பவர் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வாற்று. அதை மனிதக் கால் சுற்றுவதற்குப் பதிலாகக் காற்று சுற்றட்டும் என்று அப்போது பலருக்கும் தோன்றியது. எனக்கும் தோன்றியது.

சைக்கிள் டைனமோ எனக்குப் போதவில்லை. ஓடாமல் கிடந்த ஒஸ்ரின் காரொன்றின் டைனமோ கிடைத்தது. அது மின்சாரம் தர நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். இறக்கையோ இருநூறு முந்நூறுதான் சுற்றும். ஆகவே சைக்கிள் சங்கிலியும் பெரிய பற்சில்லும் சிறிய பற்சில்லும் பூட்டினேன். இறக்கை இரண்டு, வேப்பம் பலகை. மூன்று செய்யப் பலகை இருக்கவில்லை. கிணற்றடியில் இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினோம். 1993 சோளகத்தில் அது சுற்றியது. பழைய கார்ப் பற்றரியொன்று ஏறியது. வீட்டில் ஒரு சின்னக் குமிழ் எரிந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து றேடியோவில் தமிழோசைச் செய்தி கேட்க வந்தார்கள். அந்த மூன்று கிழமையில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கவில்லை.

நாலாம் கிழமை ஒரு வீட்டுச் சடங்குக்குப் பாட்டுப்பெட்டி போட வேண்டும் என்று பற்றரியைக் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்தேன். அன்றிரவு காற்று ஏறியது. விடியப்புறம் ஒரு சத்தம் கேட்டது. பனை ஓலை விழுந்திருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பக்கத்துத் தோட்டக்காரர் படலையில் வந்து நின்றார். “அண்ணை, உங்கட காத்தாடியின்ர இறக்கை எங்கட வெங்காயத்துக்குள்ள கிடக்கு” என்றார். போய்ப் பார்த்தோம். நாற்பது யார் தூரம். ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அவர் வழக்கமாக விடியப்புறம் தண்ணீர் மாற நிற்கும் வரம்பு அது. என் தாயார் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அதில ஆரும் நிண்டிருந்தா?”

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் காற்றாடியைப் படிக்கத் தொடங்கினேன்.

பற்றரி ஏறும்போது டைனமோ இறக்கையை இழுத்துப் பிடிக்கிறது. மின்சாரம் எடுப்பது என்பதே அந்தப் பிடிதான். மாட்டுக்கு வண்டிபோல, சுற்றும் இறக்கைக்கு அது பாரம். பற்றரியைக் கழற்றியபோது நான் வண்டியை அவிழ்த்துவிட்டேன், மாட்டைக் கட்டவில்லை. பாரமில்லாத இறக்கை வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு சுற்றும். ஒன்றரைக் கிலோ நிறையுள்ள ஓர் இறக்கை நிமிடத்துக்கு 480 தரம் சுற்றினால், அது அச்சிலிருந்து பிய்த்துக்கொண்டு போக இழுக்கும் விசை ஏறக்குறைய 170 கிலோ பாரத்துக்குச் சமம். சுற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு: 700 கிலோவுக்கு அண்மையாக வரும். நான் அதை இரண்டு போல்ற்றில் நிறுத்தியிருந்தேன்.

உலகம் முழுவதும் வீட்டில் செய்த காற்றாடிகள் அழிந்த கதைகளைத் திரட்டினால், பெரும் பங்கு இந்த வகையாகத்தான் இருக்கும். வயர் கழன்றது, பற்றரி எடுக்கப்பட்டது, பியூஸ் போனது. பியூஸைக் கவனியுங்கள். வீட்டுக்குள் பாதுகாப்புக்காகப் போடுவது அது. ஆனால் காற்றாடி வயரில் பியூஸ் எரிந்த நொடியில் மேலே பாரம் இல்லாமல் போகிறது. வீடு தப்பும், இறக்கை பறக்கும். ஆகவே பற்றரி நிறைந்தாலோ கழன்றாலோ மின்னை வாங்கிச் சூடாக்கி விட்டுவிட ஒரு தடைச்சுருளை, பியூஸுக்கு முன்னால், காற்றாடிப் பக்கமாகவே கட்டி வைக்க வேண்டும். இது செலவு குறைந்த சாமான். ஆனாலும் நான் பார்த்த காற்றாடிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது இருக்கவில்லை.

காற்றின் கணக்கு எங்கள் மனக்கணக்குக்கு ஒத்துவராத கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்கும் ஆவதில்லை, எட்டு மடங்காகிறது. எட்டடி விட்டமுள்ள காற்றாடியை எடுங்கள். மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில், அது சுற்றும் வட்டத்துக்குள்ளால் போகும் சக்தி சுமார் 340 வாற்று. எவ்வளவு திறமான காற்றாடியும் இதில் 59 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜேர்மன் அறிஞர் அல்பேர்ட் பெற்ஸ் நூறு ஆண்டுக்கு முன்னே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். நாங்கள் கையால் செய்வது கால் பங்கு எடுத்தாலே நல்லது. ஆக 85 வாற்று. இரண்டு மூன்று விளக்கும் ஒரு சின்ன மின்விசிறியும். காற்று 36 கிலோமீற்றர் ஆனால் 680 வாற்று. 72 கிலோமீற்றரில் அதே காற்றாடி 5,400 வாற்றை இழுக்கப் பார்க்கும். 500 வாற்றுக்குச் சுற்றிய செப்புக் கம்பிக்கு அதைத் தாங்க வழியே இல்லை. அதோடு, அந்தக் காற்று கோபுர உச்சியைப் பின்னோக்கித் தள்ளும் விசை நூறு கிலோ அளவுக்கு வரும்.

ஆகவே நல்ல காற்றாடியின் பாதி வேலை காற்றைப் பிடிப்பது. மறுபாதி, வேண்டாத காற்றை விட்டுவிடுவது. இரண்டாவதுதான் கடினம். அதைத்தான் நாங்கள் கடைசியில் யோசிக்கிறோம்.

பட்டம் கட்டும் பிள்ளைகளுக்கு இது தெரியும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரிய பட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். விண் பூட்டிய கொக்குப் பட்டமானாலும் எட்டுமூலையானாலும், அது நிற்பதும் கிழிவதும் முச்சையில் இருக்கிறது. காற்றுக் கூடிய நாளில் மேல் முச்சையைச் சற்று இழுத்துக் கட்டுவார்கள். பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் கொடுக்காமல் படுத்து நிற்கும், நூல் அறாது. காற்றாடிக்கும் முச்சை உண்டு. அதுதான் வால்.

எப்படி என்று சொல்கிறேன். இறக்கைத் தலையைக் கோபுரக் குழாயின் நேர் நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டுவார்கள். காற்றுத் தள்ளும்போது தலை ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் வால் பிடித்து வைத்திருக்கும். அந்த வாலை நேராக வெல்டிங் பண்ணிவிடக் கூடாது. சற்றுச் சரிந்த ஒரு கீலில் தொங்கவிட வேண்டும். மிதமான காற்றில் வாலின் பாரமே அதை இடத்தில் வைத்திருக்கும். காற்று மிஞ்சும்போது தலை திரும்ப, வால் கீலில் மேலெழுந்து மடியும். இறக்கை காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காற்றுத் தணிந்ததும் வால் தன் பாரத்தாலேயே விழுந்து, தலை பழைய இடத்துக்கு வரும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். சரிந்த ஒரு கம்பி, அதில் சுழலும் ஒரு குழாய். அந்தக் கம்பிதான் மேசையில் இருக்கிறது.

2022 பங்குனியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். டீசல் இல்லை, எரிவாயு இல்லை. அந்த ஆண்டு எங்கள் பக்கத்துத் தம்பிமார் சிலர் கூடி எட்டடிக் காற்றாடி ஒன்று செய்தார்கள். கார் டைனமோவும் சங்கிலியும் வைத்துச் செய்ததல்ல, முறையான வேலை. நியோடிமியம் காந்தங்களை இரண்டு இரும்புத் தட்டில் வட்டமாக ஒட்டி, நடுவில் செப்புச் சுருள்களைப் பிசினில் வார்த்த தகட்டை நிறுத்தி, இறக்கையோடு நேரே சுற்றவிடுவது. இந்த முறையை உலகத்துக்குப் பரப்பியவர் ஸ்கொட்லாந்தில் ஸ்கொரெய்க் என்ற, மின்கம்பி எட்டாத குடாநாட்டில் வாழும் ஹியூ பிகொட். பழைய சாமான்களில் தொடங்கி, இரவல் வாங்காத அனுபவத்தால் எழுதியவர். 2000ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலும் பெருவிலும் சிறு பட்டறைகளில் செய்யக்கூடிய ஒரு சின்னக் காற்றாடியையும் அவர் வடிவமைத்துக் கொடுத்தார். நமக்கு அந்நியமான ஆள் அல்ல.

தம்பிமார் இறக்கையை மலைவேம்பில் சீவினார்கள். பனம் பலகை பாரம், சிம்பு எழும்பும், வேம்பு முறுகும், மலைவேம்பு லேசானது, வள்ளத்துக்குப் பழக்கப்பட்ட மரம். இறக்கை மூன்று. அமெரிக்காவின் மொன்ரானாவில் பண்ணை வீடுகளுக்குக் காற்றாடி செய்த மார்செலஸ் ஜேக்கப்ஸ் 1920களில் கண்டுகொண்டது இது. இரண்டு இறக்கைக் காற்றாடி காற்றுத் திசைக்குத் திரும்பும் ஒவ்வொரு தரமும் உதறும். மூன்று இறக்கை உதறாது. என் 1993 காற்றாடியின் போல்ற் ஏன் இளகியது என்று அதைப் படித்தபோது விளங்கியது.

முதல் சோளகம் நன்றாகப் போனது. வெளியில், உப்பாற்றுப் பக்கமாக நின்றது காற்றாடி. மாரி வந்தது. வால் கீலுக்குக் கிறீஸ் வைக்க யாரும் ஏறவில்லை. ஏறுவதென்றால் கோபுரத்தைச் சரித்து இறக்க வேண்டும். அதற்கு ஆறு பேர் வேண்டும். ஆறு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு வரவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, எங்கும் நடப்பது. உப்புக் காற்று கீலுக்குள் புகுந்து கம்பியும் குழாயும் ஒன்றாகிவிட்டன. அடுத்த வைகாசியில் காற்று ஏறியபோது வால் மடியவில்லை. இறக்கை காற்றுக்கு நேரே முகம் கொடுத்துக்கொண்டு நின்றது. பற்றரி எல்லாம் சரியாகத்தான் கட்டியிருந்தது. பாரம் இருந்ததால் வேகம் மிஞ்சவில்லை. ஆனால் மின்னோட்டம் மிஞ்சியது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்கு. பிசினுக்குள் புதைந்த சுருளுக்கு அந்தச் சூட்டை வெளியே விட வழியில்லை. புகை மணத்ததும் ஒரு தம்பி ஓடிப்போய் நிறுத்தும் ஆளியைப் போட்டார். மூன்று வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து இறக்கையை இறுக்கிப் பிடிக்கும் ஆளி அது. சரியான கருவிதான், ஆனால் காற்று ஏறுமுன் போட வேண்டியது. ஏறிய பின் போட்டால் மிச்சமிருக்கும் சூட்டையும் சுருளுக்கே கொடுக்கும். தகடு கருகிவிட்டது.

பிறகு கழற்றிப் பார்த்தபோது இன்னும் இரண்டு விடயம் தெரிந்தது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் தன் பலத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கும். ஆகவே புதுச் சுருள் போட்டாலும் பழைய மின்சாரம் வராது. மற்றது, பிசினில் மயிரிழை வெடிப்பொன்று. அதற்குள்ளால் மாரித் தண்ணீர் போய் இரண்டு காந்தங்களின் நிக்கல் பூச்சைத் தின்றிருந்தது. அந்தக் காந்தத்தில் பெரும்பங்கு இரும்பு, துருப்பிடித்தால் வீங்கும். காந்தத்துக்கும் சுருள் தகட்டுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். வால் இறுகாமல் இருந்திருந்தாலும், இன்னொரு மாரியில் காந்தம் வீங்கித் தகட்டை உரஞ்சி அந்தக் காற்றாடி நின்றிருக்கும்.

வேறெந்தக் கடற்கரையில் காற்றாடி செய்து பார்த்தவரும் இதைக் கேட்டால் சிரிக்கமாட்டார். எல்லாக் கரையிலும் உப்பு ஒன்றுதான். ஆனால் எங்கள் குடாநாட்டில் கடலுக்கும் ஏரிக்கும் எட்டாத இடம் மிகக் குறைவு. உள்நாட்டில் செய்தவர்கள் எழுதிய குறிப்பை அப்படியே எடுத்துப் பின்பற்றினால் எங்களுக்குப் போதாது. கீலுக்குள் கிறீஸ் ஏற்ற வெளியிலிருந்தே ஒரு நிப்பிள் வைத்தால் என்ன? கம்பியைத் துருப்பிடியா உருக்கில் கடைந்தால் என்ன? இரண்டும் அச்சுவேலியிலோ சுன்னாகத்திலோ ஒரு கடைசல் பட்டறையில் அரைநாள் வேலை.

வெளியுலகில் மிகப் பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் 1941இல் நிறுவிய சிமித்–புட்னம் காற்றாலை, 1,250 கிலோவாற்று. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது. 1943இல் அதன் முக்கியமான பெயரிங் போனது. உலக யுத்தம், மாற்றுப் பெயரிங் வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. இதற்கிடையில் இறக்கையின் அடிப்பகுதியில் பலவீனம் இருப்பது தெரிந்திருந்தது. யுத்தத் தட்டுப்பாட்டில் திருத்த முடியவில்லை. 1945 மார்ச்சில் மீண்டும் ஓடவிட்டார்கள். சில கிழமைகளில், மார்ச் 26ஆம் திகதி, எட்டுத் தொன் இறக்கை அதே இடத்தில் முறிந்து பறந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் “இப்போதைக்கு ஓடட்டும்” என்று விட்ட இடத்தில்தான் அது முறிந்தது. தொண்ணூறுகளில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் பாரம் விளங்கும்.

ஆபிரிக்காவின் மலாவியில் வில்லியம் கம்குவாம்பா என்ற பதினான்கு வயதுப் பையன் 2002இல், பஞ்சம் வந்த காலத்தில், சைக்கிள் டைனமோவும் உழவியந்திர விசிறியும் உருக்கித் தட்டையாக்கிய பிளாஸ்ரிக் குழாயும் கொண்டு காற்றாடி செய்தான். அவன் கதை புத்தகமாகி, படமுமாகி உலகம் சுற்றியது. அவனுடைய சங்கிலியும் என்னுடையதைப் போலவே அடிக்கடி கழன்றது. பிறகு பட்டிக்கு மாறினான். கூரைக்குள் வயர் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து வந்தபோது, காந்தமும் ஆணியும் கொண்டு தானாக அறும் ஆளியொன்றையும் செய்தான். படத்தைப் பார்த்தவர்கள் காற்றாடி சுற்றியதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆளிதான் பெரிது.

மற்றக் கோளாறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றுக்கு மருந்து எளிது. பிளாஸ்ரிக் குழாய் இறக்கை வெயிலில் முருங்கும். இரண்டு கோடைக்கு மேல் நம்ப வேண்டாம். மர இறக்கையின் முன் விளிம்பை மணலும் மழையும் அரிக்கும். பெயின்ற் உரிந்த இறக்கை ஈரம் குடித்துப் பாரமாகி, மற்ற இரண்டோடு சமம் கெட்டு உதறும். பெயரிங்குக்குள் தண்ணீர் போகாத மூடி வேண்டும். 12 வோல்ற் மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 100 வாற்றை 40 மீற்றர் தூரத்துக்கு, வீட்டுச் சுவருக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அனுப்பினால் வழியிலேயே ஏழு வோல்ற்றுக்கு மேல் போய்விடும். பிழை காற்றாடியில் அல்ல, வயரில்தான் என்று தெரியாமல் காற்றாடியைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கோபுரத்தில் நான் விரைவாகப் போகமாட்டேன். கருகிய சுருளைத் திரும்பச் சுற்றலாம். கோபுரம் விழுந்தால் ஆள் போகும்.

எங்கள் நிலம் மேலே ஒரு முழம் செம்மண், கீழே சுண்ணக்கல். இழுவைக் கம்பியைக் கட்ட முளையை அந்தச் செம்மண்ணில் அடித்துவிட்டு, இறுகிவிட்டது என்று நம்புகிறோம். மாரியில் மண் சேறாகும், முளை நகரும். கல்லைத் துளைத்து, உருக்குக் கம்பி இறக்கி, சீமெந்து வார்த்தால்தான் அது பிடி. மண்மட்டத்தில், ஈரமும் காற்றும் சந்திக்கும் இடத்தில், இரும்பு முதலில் அரிபடும். வருடத்துக்கு ஒருதரம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். முறுக்கி இறுக்கும் கொளுக்கிகள் அதிர்வில் தானாக இளகும். அவற்றின் குறுக்கே ஒரு கம்பியைக் கோத்துப் பூட்டிவிடுங்கள். நாளொன்றுக்கு நாலு இலட்சம் தரத்துக்கு மேல் சுற்றும் இயந்திரம் அது. அந்த அதிர்வுக்கு இளகாத நட்டு இல்லை.

வீட்டுக் கூரையில் பூட்டாதீர்கள். சுவர் வெடிக்கும், வீடு முழுக்க இரையும், காற்றும் அங்கே நேராக வராது. பனைகளுக்குள்ளும் அப்படித்தான். வளர்ந்த பனை அறுபது எழுபது அடிக்குக் குறையாது. அதற்குக் கீழே நிற்கும் காற்றாடிக்குக் கிடைப்பது காற்றல்ல, குழம்பிய சுழி. நூறு மீற்றர் சுற்றாடலில் உள்ள எல்லாவற்றையும்விடப் பத்து மீற்றர் உயர்வாக இறக்கை நிற்க வேண்டும் என்பது உலகில் எல்லோரும் ஒப்பும் அளவு. அந்த உயரத்துக்கு உங்களால் முடியாதென்றால் காற்றாடி வேண்டாம். கோபுரத்தைத் தூக்கும்போதும் சரிக்கும்போதும் அது விழக்கூடிய வட்டத்துக்குள் ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது. விடுப்புப் பார்க்க வருபவர்களை வேலிக்கு வெளியே நிறுத்த ஓர் ஆளை அதற்கென்றே வையுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒருவர் கேட்பார்: ஐயா, பிறகேன் இந்தச் சோலி? நேர்மையாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான் என்றால் சூரியத் தகடு வாங்குங்கள். இன்றைய விலையில், அசையும் பாகமே இல்லாத அந்தப் பொருளோடு எட்டடிக் காற்றாடி போட்டியிட முடியாது. முப்பது வருடம் காற்றாடியோடு கிடந்தவன் சொல்கிறேன்.

ஆனால் இரவில் சூரியன் இல்லை. கார்த்திகை மழையிலும் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியோடு 2024இல் ஒப்பந்தமான மின்திட்டத்தில், 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்னோடு 530 கிலோவாற்றுக் காற்று மின்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று ஓய மற்றது கைகொடுக்கும். அந்தத் தீவுகளில் காற்றாடியின் வாலும் பெயரிங்கும் என்னவென்று தெரிந்த உள்ளூர்க் கைகள் வேண்டும். இன்னொன்று தண்ணீர். 1977இலேயே நெதர்லாந்து உதவியோடு கொழும்பில் நீர்வளச் சபை மூன்று மீற்றர் விட்டக் காற்றுப் பம்பியை உருவாக்கத் தொடங்கியது. பலத்த காற்றில் தானாக முகம் திருப்பும் ஏற்பாடு அதில் இருந்தது. நிலாவரைக் கிணறு இருக்கும் ஊர் எங்களுடையது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். மெசின் வைத்து ஒரேயடியாக இறைக்கும்போது கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறுகிறது. துலாவைப் போல மெல்ல மெல்ல, நாள் முழுவதும் இறைக்கும் காற்றுப் பம்பி எங்கள் சுண்ணக்கல் கிணறுகளுக்கு ஏற்றது என்பது என் முடிவு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். டென்மார்க் இன்று காற்றாலைக்குப் பேர்போன நாடு. எழுபதுகளில் அங்கே தச்சரும் கொல்லரும் பண்ணைக்காரரும் கொல்லைப்புறத்தில் செய்ததில்தான் அது தொடங்கியது. 1978இல் காற்றாடி வைத்திருந்தவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். மாதாமாதம் ஒவ்வொரு காற்றாடியும் எவ்வளவு மின் தந்தது, எது உடைந்தது என்று தங்கள் சஞ்சிகையில் அச்சிட்டார்கள். பிழைத்துப்போன செய்தியை மறைக்கவில்லை. ஒன்றில் ஒன்று தங்கியிராத இரண்டு நிறுத்தும் ஏற்பாடு இல்லாத காற்றாடியை வாங்கமாட்டோம் என்று செய்பவர்களிடம் வற்புறுத்தினார்கள். நாங்களோ சுற்றும் காற்றாடியைக் கண்காட்சியில் வைப்போம். உடைந்ததும் இரவோடிரவாக இறக்கிக் கோடிக்குள் போட்டுவிடுவோம். 1993இல் நானும் அதைத்தான் செய்தேன். நான் அன்றைக்கு எழுதி வைத்திருந்தால் 2022இல் அந்தத் தம்பிமார் கீலுக்குக் கிறீஸ் வைத்திருப்பார்களோ தெரியாது. தடைச்சுருளை எங்கே கட்டுவது என்பதாவது தெரிந்திருக்கும்.

இந்த வாசிகசாலை மேசையில் இன்றைக்கு ஒரு கொப்பியை வைத்துவிட்டுப் போகிறேன். முதல் இரண்டு பக்கத்தில் இந்த இரண்டு கதையையும் எழுதியிருக்கிறேன்: என்ன உடைந்தது, எந்த மாதம், எப்படிக் காற்று, கடைசியாக எப்போது கிறீஸ் வைத்தது. காற்றாடி செய்து உடைத்தவர்கள் வாருங்கள், எழுதுங்கள். பேர் போட வேண்டாம். அச்சுவேலி, நீர்வேலி, கோப்பாய் ஆட்களும் எழுதலாம்.

இப்போது பங்குனி. சோளகத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. காற்றாடி நிற்கும் வீட்டுக்காரர்கள் வரும் கிழமையே அதைச் சரித்து இறக்கி, வாலைக் கையால் தூக்கிப் பாருங்கள். விட்டதும் அது தானாக விழ வேண்டும்.